ஊர்ப்பெயர் வரலாறு – 14: ‘பட்டி’ என்னும் ஈறு

ராஜபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை நோக்கிய நிலப்பரப்பில், செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் என்னும் மூன்று ஊர்கள் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. புதிதாக அப்பக்கம் செல்பவருக்கு ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் தெரியாத அளவுக்கு வீடுகளும், நைட்டி தைக்கும் கூடங்களும், கடைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆயினும் இம்மூன்று ஊர்களின் பெயர்களும் மூன்று வேறு ஈறுகளைக் கொண்டு முடிகின்றன. ஊர்ப்பெயரின் இறுதியில் நின்று அந்த இடத்தின் வகையைச் சுட்டும் உறுப்பையே ‘ஈறு’ என்று இத்தொடர் வழங்கி வருகிறது. முந்தைய பகுதிகளில் ‘குளம்’, ‘ஏரி’ ஆகிய நீர்நிலை ஈறுகள் ஆராயப்பட்டன. இப்பகுதி, தென்தமிழகத்துக் கரிசல் நிலத்தில் எங்கும் காணப்பட்டாலும் பொருள் அத்தனை வெளிப்படையாக இல்லாத ‘பட்டி’ என்னும் ஈற்றை எடுத்துக்கொள்கிறது.

செட்டியார்பட்டி என்னும் பெயரின் கட்டுமானத்தை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ‘செட்டி’ என்பது வணிகரைக் குறிக்கும் சொல். வடமொழியில் ‘சிரேஷ்டின்’ என்றும் பாலி மொழியில் ‘செட்டி’ என்றும் வழங்கிய வணிகர் தலைவர் பட்டத்தோடு இதனை இணைப்பவர்கள் பெரும்பாலோர். சிக்கனமாகப் பொருளீட்டுதலைக் குறிக்கும் ‘செட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. சிலப்பதிகார, மணிமேகலைக் காலத்தில் பெருவணிகர்க்கு அரசர் வழங்கிய ‘எட்டி’ என்னும் பட்டமும் இச்சொல்லின் முதலெழுத்து நீங்கிய வடிவமே என்பது அறிஞர் கருத்து. மணிமேகலையில் வரும் எட்டி குமரன் அப்பட்டத்தைத் தாங்கிய வணிக மகன். ‘ஆர்’ மரியாதைப் பன்மை விகுதி. ஆக, பெயரின் முற்பகுதி ஒரு மனிதரையோ ஒரு மக்கள் தொகுதியையோ குறிக்கிறது. பிற்பகுதி அவர்களுக்கு உரிய இடத்தைக் குறிக்கிறது.

இவ்விரண்டும் சேருமிடத்தில் ‘ப்’ மிகாமல் ‘செட்டியார்பட்டி’ என்றே எழுதப்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு. உயர்திணைப் பெயர்கள் உயிரெழுத்திலோ யகர ரகர மெய்யிலோ முடிந்து, அடுத்து வல்லினம் வந்தால் அவ்வல்லினம் மிகாது என்பது 13-ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த விதி. பேருந்துகளின் பெயர்ப் பலகை எழுதுபவர் இலக்கணம் படித்து எழுதுவதில்லை. நாக்கில் இயல்பாக வந்ததையே எழுதுகிறார். அந்த இயல்பையே நன்னூலாரும் விதியாக்கினார். மாறாக, ஆண்டிப்பட்டி என்று மிக்கு வழங்கும் பெயரும் உண்டு. சில உயர்திணைப் பெயர்கள் விகாரப்படும் என்று நன்னூலாரே இடம் வைத்திருப்பதால் அதுவும் பிழையாகாது.

இனி ‘பட்டி’. இதன் வேர் ‘படு’ என்னும் வினை. பாடு என்னும் வினையிலிருந்து பாட்டு, கூடு என்பதிலிருந்து கூட்டு என ஒற்று இரட்டித்துப் பெயர்ச்சொற்கள் பிறப்பது தமிழில் பெருவழக்கு. அவ்வகையில் படு என்பதிலிருந்து பட்டி பிறந்தது. ஆடுமாடுகள் இரவில் படுக்குமிடம் என்பதே அதன் முதற்பொருள். இவ்விளக்கத்துக்குக் கரிசல் வழக்கிலேயே ஓர் உறுதியான துணை உள்ளது. ஆட்டு மந்தையை இரவில் மடக்கி வைக்கும் இடத்தை இப்பகுதியினர் ‘கிடை’ என்பர், இடைசெவல் கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்கு இச்சொல்லையே பெயராக வைத்தார். கிட என்னும் வினையிலிருந்து கிடை பிறந்ததும், படு என்னும் வினையிலிருந்து பட்டி பிறந்ததும் ஒரே சிந்தனையின் இரு வெளிப்பாடுகள். விலங்கு உடல் சாய்க்கும் செயலே இரண்டு இடத்தும் இடத்துக்குப் பெயராயிற்று.

கிடை போடும் முறையைச் சற்று அருகிலிருந்து காண்பது பயன் தரும். அறுவடை முடிந்த வயலில், நிலத்துக்காரரோடு பேசி முடித்த பின், மேய்ப்பவர்கள் மந்தையைக் கொண்டுவந்து, மெல்லிய கழிகளால் பின்னிய படல்களை வட்டமாக நிறுத்தி உள்ளே ஆடுகளை அடைக்கின்றனர். படல் போதாத இடத்தில் உடைமுள்ளை வெட்டி வந்து வேலி இடுவதும் உண்டு. பிறந்து சில நாளே ஆன குட்டிகளுக்குத் தனிக் கூடு கவிழ்க்கப்படும். இரவெல்லாம் ஆடுகள் இடும் புழுக்கையும் நீரும் அந்த வட்டத்து மண்ணில் இறங்க, அடுத்த மாலை படல்கள் பிடுங்கப்பட்டு அதே வயலின் வேறொரு பகுதியில் நடப்படுகின்றன. இப்படி வட்டம் வட்டமாக நகர்ந்து வயல் முழுவதும் எருவாகிறது. மேய்ப்பவருக்கு அதற்குக் கூலியும் கிடைக்கிறது. நகரும் வேலி கிடை. ஒரே இடத்தில் நிலைத்துவிட்ட வேலி பட்டி. இவ்விரு சொற்களையும் எல்லா வட்டாரத்தாரும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வழங்குவதில்லை என்றாலும், ஊர்ப்பெயரில் ‘பட்டி’ நிலைத்து ‘கிடை’ அருகியதற்கு இந்த வேறுபாடே காரணம் என்று கொள்வது பொருத்தமாகும். நாளைக்கு இடம் மாறப்போகும் ஒன்றின் பெயரால் ஊரை அழைக்க எவரும் முற்படார்.

கால்நடையை அடைக்க வேலி வேண்டும், அதற்குக் குடிக்க நீர் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். ஆள் தங்கினால் குடிசை எழும். குடிசைக்குப் பின்னே சிறு கொல்லை உண்டாகும். அக்கொல்லையில் கம்போ சோளமோ விளைந்தால் அடுத்த தலைமுறையினர் தம்மை மேய்ப்பர் என்பதை விட உழவர் என்றே எண்ணத் தொடங்குவர். தொழுவம் சிற்றூராக மாறிய வரலாறு இவ்வளவே எளியது. ஆனால் அது எல்லா நிலத்திலும் நிகழவில்லை என்பதே கவனத்துக்குரியது. காவிரிக் கழிமுகத்தில் குடி, மங்கலம், நல்லூர் என்னும் ஈறுகள் மிகுதி. வட தமிழகத்தில் பாக்கமும் பட்டும் மிகுதி. கொங்கு நாட்டில் பாளையமும் வலசும் மிகுதி. பட்டி செறிந்து கிடப்பதோ மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தருமபுரி ஆகிய மாவட்டங்களின் மேட்டு நிலங்களில்: உசிலம்பட்டி, கோவில்பட்டி, சின்னாளப்பட்டி, காரியாபட்டி, பாப்பாரப்பட்டி என்று அப்பட்டியல் நீளும். ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் வன்னியம்பட்டி, கூமாப்பட்டி, நத்தம்பட்டி, புதுப்பட்டி ஆகியன உள்ளன. ஆற்று நீர் ஆண்டு முழுதும் பாயும் நிலத்தில் மாடு உழவுக்குத் துணை. மழையை நம்பிய நிலத்திலோ மழை பொய்த்த ஆண்டில் உயிர் காப்பதே மாடும் ஆடும்தான். செல்வத்துக்கு ‘மாடு’ என்றே பெயரிட்ட மொழியில், அச்செல்வம் உறங்கிய இடம் ஊருக்குப் பெயரானது இயல்பு.

‘படு’ என்னும் வேர் பட்டியோடு நின்றுவிடவில்லை. முதலெழுத்து நீண்டு ‘பாடு’ ஆகி, அதிலிருந்து ‘பாடி’ பிறந்தது. ஆயர் குடியிருப்புக்கும் படை தங்குமிடத்துக்கும் இச்சொல் பொதுவாயிற்று. திருப்பாவையின் முதற்பாசுரத்திலேயே ஆய்ப்பாடி வருகிறது. ஆண்டாள் தாம் வாழ்ந்த வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகப் பாவித்தார் என்று வைணவ மரபு போற்றுவதால், பட்டிகள் சூழ்ந்த ஊரிலிருந்து பாடியைப் பாடிய பெண்ணின் மொழியில் இவ்விரு சொற்களும் உறவாடி நிற்பதை உணரலாம். வடக்கே செங்கல்பட்டு போன்ற பெயர்களில் வரும் ‘பட்டு’ம் இக்குடும்பத்ததே.

கன்னடத்தில் இதே சொல் ‘ஹட்டி’ என்று ஒலிக்கிறது. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் இடைக்காலத்தில் ஹகரமாக மாறியதால், பால் ‘ஹாலு’ ஆனது, பத்து ‘ஹத்து’ ஆனது, பள்ளி ‘ஹள்ளி’ ஆனது; அந்த வரிசையில் பட்டி ‘ஹட்டி’ ஆனது. நீலகிரியில் படகர்கள் தம் சிற்றூரை ‘ஹட்டி’ என்றே வழங்குகின்றனர். இடுஹட்டி, தும்மனட்டி, அதிகரட்டி என்னும் நீலகிரி ஊர்களையும் செட்டியார்பட்டியையும் ஒருவர் அடுத்தடுத்து உச்சரித்தால் அவை தொடர்பற்றவை போலவே தோன்றும். ஒலிமாற்றத்தின் விதியை அறிந்தவருக்கோ அவை ஒரே தாயின் மக்கள். கடலுக்கு அப்பால் ஈழத்திலும் இச்சொல் உயிரோடிருக்கிறது. மட்டக்களப்பின் மேய்ச்சல் தரைகளில் மாடு வளர்ப்போர் ‘மாட்டுப்பட்டி’ என்றே பேசுகின்றனர். ஈழத்தமிழர் தை மாதத்து மாட்டுப்பொங்கலைப் ‘பட்டிப்பொங்கல்’ என்கின்றனர். கொங்கு நாட்டிலும் அப்பெயரே வழங்குகிறது; அங்கே பட்டிக்குள் தரையில் சிறு தெப்பக்குளம் கட்டி, அதில் நீர் ஊற்றி, கன்றை மிதித்துப் போகச் செய்யும் வழக்கமும் உண்டு.

வெவ்வேறு ஒலி ஒரே வேரிலிருந்து வரக்கூடும் என்பதற்கு ஹட்டி சான்று. ஒரே ஒலி வெவ்வேறு வேர்களிலிருந்து வரக்கூடும் என்பதற்குச் சான்று தேடிச் செட்டியார்பட்டியிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே ராஜபாளையம் வட்டத்தில் சத்திரப்பட்டி என்னும் ஊர், காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. சமுசிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் விசைத்தறிகளில் அத்தொழிலே நடக்கிறது. அத்துணியை வெட்டிச் சுருட்டிய நீள்துண்டுக்கு இந்தியில் ‘பட்டி’ என்று பெயர். அது வடமொழியில் துணி, நாடா, தகடு ஆகியவற்றைக் குறிக்கும் ‘பட்ட’ என்னும் சொல்லின் வழிவந்தது. பிரித்தானியப் படைவீரர்கள் காலில் சுற்றிய துணியின் பெயராக ஆங்கிலத்துக்கும் அது சென்றது. தமிழில் நிலவுரிமைச் சீட்டைக் குறிக்கும் பட்டாவும் அக்கிளையைச் சேர்ந்தது. ஊரின் பெயரில் இருக்கும் பட்டி மாட்டுக்கு உரியது; அவ்வூர்த் தறியில் உருவாகும் பட்டி துணிக்கு உரியது; இரண்டும் ஒரே ஊரில் ஒரே ஒலியோடு வாழ்கின்றன, உறவு மட்டும் இல்லை.

இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். சுவருக்கு வண்ணம் பூசுமுன் மேடுபள்ளத்தை நிரவும் பசையைத் தொழிலாளர்கள் ‘பட்டி’ என்பர், அவ்வேலையைப் ‘பட்டி பார்த்தல்’ என்பர். இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல், அங்கும் பிரெஞ்சு மொழியிலிருந்து சென்றது. விக்கிரமாதித்தன் கதையில் வரும் அமைச்சன் பட்டியின் பெயரோ, கற்றோரைக் குறிக்கும் ‘பட்ட’ என்னும் வடசொல்லோடு உறவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாருக்கு வழங்கும் ‘பட்டர்பிரான்’ என்னும் திருப்பெயரும் அச்சொல்லிலிருந்து அமைந்ததே. வடமொழியில் வேறுபட்டு ஒலிக்கும் பகரங்களைத் தமிழ் ஒரே எழுத்தால் எழுதுவதால், அயலிலிருந்து வந்த சொற்கள் தமிழ் எழுத்துக்குள் நுழைந்தவுடன் ஒரே முகம் கொள்கின்றன.

இத்தகைய நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கொரிய மொழியில் இது இன்னும் ஆழமாக நிகழ்ந்தது. செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட கொரிய எழுத்துமுறை, ஒவ்வோர் அசையையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கி எழுதுவது. சீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகக் கடன் பெற்ற ஓரசைச் சொற்கள், சீன மொழியின் ஏற்ற இறக்க ஓசை வேறுபாட்டை இழந்து, ஒரே கட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. சியோல் நகரில் ஒரு குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் ‘தோங்’ என்னும் அசை, கிழக்கு, குளிர்காலம், செம்பு, ஒத்தது ஆகிய பொருள்களையும் தரும். சீன எழுத்தில் எழுதினால் அவை தனித்தனி வடிவம் பெறும், கொரிய எழுத்தில் ஒன்றாகவே தோன்றும். குடியிருப்பைக் குறிக்கும் தோங்கின் சீன எழுத்தில் நீரைச் சுட்டும் குறி ஓர் உறுப்பாக அமைந்திருக்கிறது. அச்சொல்லுக்குக் குகை, பள்ளத்தாக்கு என்னும் பொருள்களும் உண்டு. கொரியர் தம் ஊர்களுக்குச் சொந்த மொழியில் வைத்திருந்த பெயர்கள் பலவற்றை, சில்லா அரசின் கியோங்தோக் மன்னர் 757-இல் இரண்டெழுத்துச் சீனப் பெயர்களாக மாற்றினார். பழம்பெயர் மறைந்து புதுப்பெயர் மேலெழுந்த அவ்வரலாறு, ஊர்ப்பெயர் ஆய்வாளர் எவருக்கும் படிப்பினை.

தமிழும் கொரியமும் உறவு மொழிகள் என்னும் கருத்தையும் இவ்விடத்தில் தொட்டுச் செல்ல வேண்டும். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். நாள், அப்பா போன்ற சொற்களின் ஒற்றுமை அதன்பின் பலரால் எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இவ்வுறவை ஏற்கவில்லை; அவர்கள் மறுப்பதே சரி. ஒரு வட்டத்துக்குள்ளேயே பட்டியும் பட்டியும் வேறாக இருக்கையில், கடல் கடந்த இரு சொற்கள் காதுக்கு ஒத்து ஒலிப்பதால் மட்டும் உறவு நிறுவப்படாது. ஹகரமும் பகரமும் போல ஒழுங்கான ஒலிமாற்றம் பல சொற்களில் தொடர்ந்து காணப்பட்டால்தான் உறவைப் பேச முடியும்.

தமிழ்ப் பட்டியின் உள்ளேயும் ஒரு முரண் உண்டு. அடைத்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் இச்சொல், அடங்காமல் திரிவதையும் குறிக்கிறது. வேலி தாண்டிப் பிறர் பயிரை மேயும் மாடு பட்டிமாடு. கலித்தொகையில், சிறுவயதில் தன் மணல்வீட்டைக் காலால் சிதைத்துக் குறும்பு செய்தவனைத் தலைவி ‘சிறுபட்டி’ என்று சுட்டுகிறாள். திருக்குறள் கயமை அதிகாரத்தில், மனம்போனபடி திரிபவரை ‘அகப்பட்டி’ என்கிறது. ஆங்கிலேயர் 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டத்தை இயற்றிய காலத்தில், பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் அரசுத் தொழுவத்துக்கும் தமிழில் பட்டி என்னும் பெயர் பொருந்தி நின்றது. பட்டிமாடு மீண்டும் பட்டிக்கே வந்தது. திரிவதும் அடைபடுவதும் மேய்ச்சல் வாழ்வின் பகலும் இரவும் ஆதலால், இரண்டும் ஒரு சொல்லில் கூடியது வியப்பன்று.

இவ்வளவு சொன்ன பின்னும், எல்லாப் பட்டிகளும் தொழுவத்திலிருந்து பிறந்தவை என்று முடிவு கட்டிவிட இயலாது. கல்வெட்டுகள் அதற்கு இடம் தருவதில்லை. பல்லவர் செப்பேடுகளில் பட்டி ஒரு நில அளவையின் பெயர். சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் அது குறிப்பிட்ட ஒரு பணிக்காக ஒதுக்கப்பட்ட நிலம். ஏரியைத் தூர்வாரிக் கரை காக்கும் செலவுக்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’; போரில் உயிர்விட்ட வீரனின் குடும்பத்துக்கு, அவன் சிந்திய குருதிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’. இத்தொடருக்காகத் திரட்டப்பட்ட சொற்களில் உதிரப்பட்டியைப் போல் மனத்தைப் பிடித்து நிறுத்துவது வேறில்லை. மாடு கவர்தலும் மாடு மீட்டலுமே பழந்தமிழ்ப் போரின் தொடக்கம். பட்டியைக் காக்கச் சென்று மாண்டவனின் பிள்ளைகள் பட்டியையே பெற்றனர் என்று எண்ணும்போது, தொழுவம் என்னும் பொருளும் மானிய நிலம் என்னும் பொருளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன.

ஆகவே, மனிதர் பெயரை முன்னே தாங்கிய செட்டியார்பட்டி, ரெட்டியார்பட்டி, நாயக்கன்பட்டி போன்ற பெயர்களில், பட்டி என்பதற்கு ‘இன்னாருக்கு உரிய நிலமும் குடியிருப்பும்’ என்று பொருள் கொள்வதே ஏற்புடையது. விஜயநகர, நாயக்கர் காலத்தில், மதுரை விசுவநாத நாயக்கர் 16-ஆம் நூற்றாண்டில் நாட்டைப் பாளையங்களாகப் பகுத்த பின், வடக்கிலிருந்து தெலுங்கு, கன்னடம் பேசும் மக்கள் கரிசல் நிலத்தில் குடியேறிப் பருத்தியும் கம்பும் விளைவித்தனர். அருகில் சேத்தூரும் சிவகிரியும் பாளையங்களாக நின்றன. மேய்ச்சல் மேடாகக் கிடந்த நிலம் உரிமையாளரின் பெயரால் அழைக்கப்படும் நிலமாக மாறியதற்கு அக்காலமே உரிய சூழல். தொழுவப் பொருள் அச்சொல்லின் அடியில் மண்ணாகக் கிடந்தது; அதன்மேல் உடைமைப் பொருள் முளைத்தது.

ஆட்சி எல்லைகளோ இவ்வூர்ப்பெயரைப் போல் நிலைத்து நிற்கவில்லை. 1910-க்கு முன் இப்பகுதி திருநெல்வேலி மாவட்டம், பிறகு இராமநாதபுரம், 1985-இல் காமராசர் மாவட்டம், 1997 முதல் விருதுநகர் மாவட்டம். செட்டியார்பட்டி இன்று பேரூராட்சி. ‘பேரூர்’ என்று அரசு வகைப்படுத்திய பின்னும் பெயரின் ஈறு சிற்றூர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்துள்ள தளவாய்புரத்தின் பெயர் வேறொரு காலத்துக்கு அழைத்துச் செல்வது. நாயக்கர் ஆட்சியில் படைத்தலைமையும் அமைச்சுரிமையும் ஒருங்கே பெற்றவருக்குத் தளவாய் என்று பட்டம். நகரைக் குறிக்கும் வடசொல்லான ‘புரம்’ அப்பட்டத்தோடு சேர்ந்த முறையும், ராஜபாளையத்தின் ‘பாளையம்’ படைத்தங்கலிலிருந்து நகரமாக வளர்ந்த முறையும் அடுத்த பகுதியில் ஆராயப்படும்.